சம்பா விதைக்கும் சம்பளம்

விடிகாலையில் புதுவாயல் கூட்டுரோட்டுக்குக் காலை ஷிப்ட் ஆட்களை ஏற்ற கம்பெனி வேன் வரும். பால் கேன் கட்டிய எக்ஸ்எல் வண்டியும் அதே நேரத்துக்கு வரும். வேனில் ஏறுபவரும் வண்டியில் வருபவரும் சில சமயம் ஒரே வீட்டு ஆட்கள். சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி நெல்வயல்; வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. இந்த வீடு விவசாயக் குடும்பமா, தொழிலாளர் குடும்பமா?

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2018-19 ஆய்வில், நாட்டின் விவசாயக் குடும்பம் ஒன்றின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் கூலியும் சம்பளமும் 4,063, பயிர் 3,798, கால்நடை 1,582. கூலியில் வயல்கூலியும் அடக்கம்தான். ஆனாலும் 2012-13இல் 6,426இல் 3,081 தந்து முதலிடத்தில் இருந்தது பயிர். ஆறே ஆண்டில் இடம் மாறிவிட்டது.

உடனே ‘விவசாயம் செத்தது’ என்று ஒப்பாரி வைக்க வேண்டியதில்லை. நடவுக்கூலி, யூரியா, அறுவடை மெஷின் வாடகை எல்லாம் முன்னால் கேட்கும். நெல் விற்ற காசு மாதங்கள் கழித்தே கைக்கு வரும். நடுவில் மகனின் சம்பளம் விழுந்தால் சம்பாவுக்காக நகை அடகுக்குப் போகாது. மறுபுறம், கம்பெனியில் ஆர்டர் குறைந்தால் முதலில் நிற்கச் சொல்வது கான்ட்ராக்ட் ஆளைத்தான். அந்த மாதம் வீட்டில் எடுத்துவைத்த நெல் மூட்டை அரிசிச் செலவைத் தாங்கும்.

அரசு அலுவலகம் மட்டும் இந்த வீட்டைப் பார்க்காமல் பட்டாவைப் பார்க்கிறது. பட்டா தாத்தா பெயரில் இருக்கும். தண்ணீர் பாய்ச்சிக் களை எடுப்பவர் மருமகள். கொள்முதல் நிலையம் கேட்கும் சிட்டா, அடங்கலுக்கு வார நாளில் அலைந்தால் ஒருநாள் சம்பளம் போச்சு. கிராம நிர்வாக அலுவலகமும் வேளாண் விரிவாக்க மையமும் அறுவடைக் காலத்திலாவது ஞாயிற்றுக்கிழமை திறந்தால் என்ன? பயிர் பார்க்கும் பெண்ணையே விவசாயியாகப் பதிவு செய்வதும் பெரிய செலவில்லை.

தொழில் வந்தால் எல்லாம் சரியாகும் என்பதும் பாதி உண்மையே. தேர்வாய் கண்டிகையில் சிப்காட் பூங்காவுக்கு ஆயிரம் ஏக்கருக்கு மேல் எடுத்தபோது ஊர்மக்கள் எதிர்த்ததற்கு ஒரு காரணம் மேய்ச்சல் நிலம் பறிபோனது. பட்டா இல்லாத ஏழைக்கு ஆடும் மாடும்தான் இரண்டாவது வருமானம். அவற்றுக்கு அந்தப் புறம்போக்குதான் தீவனம். அடுத்த பூங்காவுக்கு அளவுக்கல் நடுமுன், எத்தனை பேருக்கு வேலை என்ற அறிக்கையோடு எத்தனை வீட்டு மாட்டுக்கு மேய்ச்சல் போகிறது என்ற கணக்கையும் கிராமசபையில் வைக்க வேண்டும்.