ஜாதகம் பார்க்காத பரிகாரம்

"ஃபார்மட் பண்ணிடலாம் மேடம், எல்லாம் சரியாயிடும்."

தி. நகரில் ஒரு சர்வீஸ் சென்டர். என் லேப்டாப்பை அவர் இன்னும் திறக்கக்கூட இல்லை, அதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. கூடவே ஒரு விசாரணை: "வீட்ல தம்பி யாராவது கேம் ஆடுவாரா?"

எனக்குத் தம்பி கிடையாது. நானும் கேம் ஆடுவதில்லை. கேமிங் லேப்டாப் என்று பெயர் போட்டு விற்கிற சாமானை என்னை மாதிரி வீடியோ எடிட் செய்து பிழைக்கிறவர்களும் வாங்குகிறோம். எங்கள் பட்ஜெட்டுக்குள் தனி கிராபிக்ஸ் சிப்போடு வருவது பெரும்பாலும் அதுதான். அம்மா இரண்டு வளையலை அடகு வைத்து வாங்கிக் கொடுத்தது. அதன் மூடியில் சிவப்பாக ஒரு விளக்கு எரிகிறது என்பதற்காக என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் கோபம் வராதா?

பிரச்சினை இதுதான். மயிலாப்பூர் வீட்டில், எச்டிஎம்ஐ கேபிளில் ஒரு மானிட்டரை இணைத்து வேலை செய்வேன். பத்து நிமிஷமோ இருபது நிமிஷமோ ஆனதும் இரண்டு திரையும் கறுத்துவிடும். சில நொடிகளில் வெளிச்சம் திரும்பும், ஆனால் எடிட்டிங் மென்பொருள் செத்திருக்கும். மானிட்டரைக் கழற்றிவிட்டால் நாள் முழுக்க ஒன்றும் ஆகாது.

இதை அவரிடம் சொன்னேன். "மானிட்டர் சொருகினாதான் வருது, எடுத்துட்டா வரல." நோயில் பாதியைக் கண்டுபிடித்துக் கையில் கொடுக்கிற வாக்கியம் இது. அவர் எழுதிக்கொள்ளவில்லை. அவரிடம் இருந்த படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை. 'டேட்டாவுக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்பதற்கு மட்டும் ஒரு கட்டம் இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

ஊரூர் குப்பத்தைப் பற்றி அடையாறு நண்பன் எடுத்த ஒரு சின்ன ஆவணப்படத்தின் எட்டு வார எடிட் அதில் போனது. எடுத்த காட்சிகள் ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக இருந்தன; எங்கே வெட்டினேன், எதை எதோடு ஒட்டினேன் என்ற கோப்பு மட்டும் லேப்டாப்பில் இருந்தது. பேக்கப் எடுத்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். எடுத்திருக்க வேண்டும்தான். அது என் தப்பு. ஆனால் ஃபார்மட் செய்து வந்த மூன்றாம் நாள் திரை மறுபடி கறுத்ததே, அது யார் தப்பு?

எங்கள் தெருவில் ஜோசியர் ஒருவர் இருக்கிறார். எனக்கு நம்பிக்கை கிடையாது, ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: ஜாதகத்தை வாங்கிப் பார்க்காமல் அவர் யாருக்கும் பரிகாரம் சொன்னதில்லை. லேப்டாப்புக்கும் ஜாதகம் உண்டு. விண்டோஸில் ஈவென்ட் வியூவர் என்று தேடினால் வரும். கிராபிக்ஸ் சிப் 2 நொடிக்கு மேல் பதில் சொல்லாமல் உறைந்துபோனால், விண்டோஸ் அதைப் பிடித்து உலுக்கி மறுபடி தொடங்க வைக்கும். விஸ்டா காலத்திலிருந்தே இந்த ஏற்பாடு இருக்கிறது. அப்படி மீட்டெடுத்த தருணத்தை 4101 என்ற எண்ணோடு, தேதி நேரத்தோடு குறித்தும் வைக்கும்.

ஃபார்மட் என் எடிட்டை மட்டும் அழிக்கவில்லை. இந்தச் சாட்சியத்தையும் அழித்தது. என் கோபத்தின் மையம் இதுதான். குற்றம் நடந்த வீட்டைக் கழுவிக் கோலம் போட்டுவிட்டு "எல்லாம் சரியாயிடும்" என்பதற்குப் பெயர் சர்வீஸா?

இரண்டாவது முறை நான் யாரிடமும் போகவில்லை. ஒரு நோட்டு எடுத்தேன். பதினொரு முறை கறுத்தது. பதினொரு முறையும் எச்டிஎம்ஐ சொருகியிருந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய லேப்டாப் பார்க்கும் ஒரு அண்ணனிடம் நோட்டைக் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "இந்த ஓட்டை எந்த சிப்புக்குப் போகுதும்மா?"

அப்படி ஒரு கேள்வி உண்டென்றே எனக்குத் தெரியாது. இந்த வகை லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் இருக்கின்றன: பிராசஸரோடு ஒட்டிய சின்னது ஒன்று, தனியாக நிற்கும் பெரியது ஒன்று. என்விடியா 2010-இல் ஆப்டிமஸ் என்ற பெயரில் பரவலாக்கிய ஏற்பாட்டில், பெரியது படத்தை வரைந்து சின்னதிடம் கொடுக்கும், சின்னது லேப்டாப் திரைக்கு அனுப்பும். வேலை இல்லாதபோது பெரியது தூங்கும், பேட்டரி மிஞ்சும். ஆனால் பல கேமிங் லேப்டாப்களில் எச்டிஎம்ஐ ஓட்டை நேராகப் பெரிய சிப்புக்கே போகிறது. மானிட்டரைச் சொருகினால் பெரியது தூங்கவே முடியாது. மே மாதச் சென்னையில் அது கூடுதல் சூடு. டிரைவரில் கோளாறு இருந்தால் அது தெரிவதற்கும் கூடுதல் வாய்ப்பு.

அதற்குப்பின் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். ஒரு நேரத்தில் ஒன்றுதான். முதலில் கேபிள்: மாறவில்லை. கேபிள் கெட்டிருந்தால் பொதுவாக அந்த மானிட்டர் மட்டும்தான் கண் சிமிட்டும். இரண்டு திரையும் சேர்ந்து சாகாது. அடுத்து, அதே மானிட்டரை டைப்-சி ஓட்டையில் மாட்டினேன். எல்லா டைப்-சியிலும் படம் வராது, என்னுடையதில் வந்தது. அது சின்ன சிப்போடு சேர்ந்தது. இரண்டு நாள் கறுக்கவில்லை. கடைசியாக, டிடியூ என்ற இலவசக் கருவியை சேஃப் மோடில் ஓட்டி டிரைவரை மட்டும் வேரோடு எடுத்துவிட்டு, லேப்டாப் வந்தபோது இருந்த பழைய பதிப்பைப் போட்டேன். எச்டிஎம்ஐயும் சரியாகிவிட்டது.

ஆக, கோளாறு புதிய டிரைவரில். ஃபார்மட் செய்தவர் என்ன செய்திருந்தார்? எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, அதே புதிய டிரைவரை மறுபடி போட்டுக் கொடுத்திருந்தார்.

"ஃபார்மட் பண்ணி எத்தனையோ பேருக்குச் சரியாயிருக்கே?" ஆகியிருக்கும். டிரைவரின் மிச்சம் மீதி சிக்கிக்கொண்டிருந்தால் ஃபார்மட் அதையும் கழுவும்தான். டிடியூ அதையே கால் மணி நேரத்தில், உங்கள் ஒரு கோப்பைக்கூடத் தொடாமல் செய்கிறது. சர்வீஸ் ஆளின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை மிஷின் என்று கணக்குக் கொடுக்க வேண்டியவர் அவர். அந்தப் படிவத்தை அடித்தவர்கள்மேல்தான் கோபம்.

மென்பொருளைத் தட்டிச் சமாளிப்பது புதிய பழக்கமும் இல்லை. 2008 ஜூலையில் தன் லேப்டாப் சிப்கள் சிலவற்றின் பொதிப்பொருள் பலவீனமானது என்று என்விடியாவே அறிவித்து, 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. அப்போது லேப்டாப் கம்பெனிகள் சில முதலில் கொடுத்தது புதிய சிப் அல்ல, விசிறியை அதிக நேரம் ஓடவைக்கும் பயாஸ் அப்டேட். வாங்கியவர்கள் வழக்குப் போட வேண்டியிருந்தது.

நம் ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் 'பழுதுபார்க்கும் உரிமை' என்று ஓர் இணையதளம் திறந்தது. நல்லது, ஆனால் இணையதளம் சட்டம் ஆகாது. எங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் ஐஐடி மெட்ராஸில், 'சக்தி' என்ற பிராசஸரின் வடிவமைப்பையே யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று திறந்து வைத்திருக்கிறார்கள். ஒரு சிப்பின் உள்ளுறுப்பையே காட்ட முடிகிறது. வளையல் அடகு வைத்து வாங்கிய பெட்டியில் எந்த ஓட்டை எந்த சிப்புக்குப் போகிறது என்ற ஒரே ஒரு வரியை அச்சடிக்க முடியாதா?

நான் கேட்பது மூன்றுதான். அந்த ஒரு வரியைப் பெட்டிமேல் போடுங்கள். பழைய டிரைவர்களைத் தளத்திலிருந்து எடுக்காதீர்கள். ஃபார்மட்டுக்கு முன் ஈவென்ட் வியூவரைத் திறந்து பாருங்கள், அதன் நகலை எங்களிடம் கொடுங்கள்.

உங்களுக்கும் ஒன்று, வாசகரே. அடுத்த முறை யாராவது "அழிச்சிட்டுப் பார்க்கலாம்" என்றால், "முதல்ல பார்த்துட்டு அழிக்கலாம்" என்று சொல்லுங்கள். கோபமாகச் சொன்னாலும் தப்பில்லை.

நான் ஊரூர் குப்பத்தைத் திரும்பவும் முதல் ஷாட்டிலிருந்து வெட்டிக்கொண்டிருக்கிறேன். புதிய டிரைவர் வந்திருக்கிறது, போடவா என்று லேப்டாப் தினமும் காலையில் கேட்கிறது. 'பிறகு' என்பதை அமுக்கிவிட்டு வேலையைத் தொடங்குகிறேன். வளையல் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது.