இடனறிந்து தொழில் செய்வோம்

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்துள்ளார். வேந்தனுக்கு வகுத்த இவ்வரிசை, வீட்டில் தொடங்கிய சிறுதொழில் வளர்ந்து முதல் அலுவலகம் தேடுவோருக்கும் பொருந்தும். நம்மவர் பலரோ கடைத்தெருவில் இடத்தைப் பிடித்த பின்னரே தம் வலிமையை எண்ணுகின்றனர். முன்பணமும் அலங்காரமும் முதலை விழுங்கிவிட, சரக்கு வாங்கப் பணமின்றித் தொழில் தளர்கிறது.

1981இல் புனேயில் எழுவர் 10,000 ரூபாய் முதலில் தொடங்கிய இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் முதல் அலுவலகம் ஒரு வீட்டின் முன்னறையே! அதனால் அதன் பெருமை குன்றிவிடவில்லை.

விற்பனை மிகக் குறைந்த மாதத்திலும் வாடகையைத் தடையின்றிச் செலுத்த இயலுமா? இதுவே முதற்கேள்வி. வாய்மொழி உறுதியும் போதாது. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து வடிவ ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கட்டாயமாக்கியுள்ளது. முன்பணம் திரும்பும் முறையையும் வாடகை உயரும் அளவையும் அதில் தெளிவுற எழுதிக்கொள்ள வேண்டும்.

தொழில் முனையும் மாணவச் செல்வங்களே! வாடிக்கையாளர் நாடி வருவது நாணயத்தை, நாற்காலியை அன்று. சிற்றறையில் தொடங்குவது சிறுமையாகாது.