அடுக்களைப் பாடம்

உலகத்தில் மிகச் சுலபமான காரியம் எது என்று என்னைக் கேட்டால், பிறருக்கு உபதேசம் செய்வதுதான் என்று யோசிக்காமல் பதில் சொல்லுவேன். அதிலும், மனம் சோர்ந்தவர்களுக்கு உற்சாகம் ஊட்டும் உபதேசம் இருக்கிறதே, அதற்கு முதல் போட வேண்டியதில்லை. "தைரியமாயிரு, எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வீடு திரும்பலாம். இந்தத் தொழிலில் நான் வெகு காலம் பழகியவன். சென்ற மாதம் இதில் எனக்கு ஏற்பட்ட தோல்வியைத்தான் இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்லப் போகிறேன்.

என் தங்கையின் மகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. காவிரிக் கரையிலுள்ள சிறு கிராமம் அது, பெயர் வேண்டாம். பரீட்சைகளெல்லாம் தேறி, வருஷக் கணக்கில் காத்திருந்து கிடைத்த உத்தியோகம். நியமன உத்தரவு வந்த அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். நாலு மாதம் கழித்து அவளிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது.

"மாமா, வேலையை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். எனக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க வரவில்லை. அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம்" என்று எழுதியிருந்தாள். அவ்வளவுதான் கடிதம். நீண்ட கடிதமாயிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். இரண்டு வரிக் கடிதந்தான் என்னைப் பஸ் ஏற்றியது. வழி நெடுக மனத்துக்குள் ஒரு பிரசங்கம் தயாரித்துக்கொண்டே போனேன். அதில் பாரத தேசம், எழுத்தறிவித்தவன், இருளை நீக்கும் தீபம் எல்லாம் இருந்தன.

பள்ளிக்கூடத்தின் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்து வகுப்புகள், 78 பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள். இந்தக் கணக்கு தற்செயலாக ஏற்பட்டதல்ல. 2009-ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணையில், 60 பிள்ளைகள் வரையில் இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரையில் மூன்று ஆசிரியர் என்று வகுத்திருக்கிறார்கள். வகுப்பு எடுப்பவர்களுக்கு மேற்பட்டுத் தலைமையாசிரியர் ஒருவர் தனியாக வேண்டும் என்று அந்த அட்டவணை சொல்வது 150 பிள்ளைகளுக்கு மேல் போனால்தான். ஆகவே, சிறிய பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் என்பவர் மற்றவர்களைப் போலவே வகுப்பு எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் ரிஜிஸ்தர்களையும், காலை உணவையும், மத்தியான உணவையும், சுவர் விரிசலையும் கவனித்துக்கொள்பவர்.

இந்தப் பள்ளியில் அப்படி இருப்பவர் ஓர் அம்மாள். ஊரார் அவரைப் 'பெரிய டீச்சர்' என்கிறார்கள். நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் அவரிடம். மூன்றாம் வகுப்பு, ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் இருக்கும் ஒரு ஸாரிடம். ஒன்றும் இரண்டும் சேர்ந்து 29 குஞ்சு குளுவான்கள் என் மருமகளிடம்.

இருபத்தொன்பது பேரும் ஒரே நிலையில் இருந்தால் பரவாயில்லை. கொரோனா நோயின் காரணமாகப் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில் படிப்பில் விழுந்த பள்ளத்தை நிரப்புவதற்காக, 2022-ல் தமிழ்நாட்டில் 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டத்தை ஆரம்பித்தார்கள். அதன்படி பிள்ளையின் வயதை மட்டும் பாராமல், கற்ற அளவைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்க வேண்டும். பெயர்கள் அழகாயிருக்கின்றன. ஏற்பாடும் நியாயமானதே. ஆனால் ஒரே அறையில், ஒரே ஆசிரியை, ஒரே சமயத்தில் அரும்புக்கும் மொட்டுக்கும் மலருக்கும் தண்ணீர் ஊற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பது ஊற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இந்த நிலையில் ஒரு நாள் மேலிடத்திலிருந்து பார்வையிடுவதற்கு ஒருவர் வந்தார். பின் வரிசையில் இருந்த ஒரு சிறுமியை எழுப்பி, கரும்பலகையில் இருந்த சொல்லை வாசிக்கச் சொன்னார். குழந்தை வாயைத் திறக்கவில்லை. வந்தவர் ஒன்றும் சொல்லாமல் குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார். அன்று இரவுதான் எனக்குக் கடிதம் எழுதப்பட்டது.

பார்வையிட வருகிறவரைக் கண்டு பள்ளிக்கூடம் நடுங்குவது நேற்று வந்த வழக்கமல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில், பிள்ளைகள் இன்ஸ்பெக்டர் முன்னால் பரீட்சையில் தேறுவதைக் கணக்கிட்டுப் பள்ளிகளுக்கு மானியம் கொடுக்கும் முறை ஒன்று இருந்தது. பிள்ளை திக்கினால் வாத்தியாருடைய அடுப்பில் பூனை தூங்கும். அந்த முறை ஒழிந்து வெகு காலமாயிற்று. வெள்ளைக்காரர்களும் 1947-ல் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். ஆனால் அந்தப் பயம் மட்டும் போகாமல் பள்ளிக்கூடத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது பள்ளி விடும் நேரம். மருமகள் என்னைக் கண்டதும், "வாருங்கள் மாமா" என்று சிரித்த முகத்தோடு வரவேற்றாள். ராஜிநாமா செய்யப் போகிறவளின் முகமாக அது தோன்றவில்லை. பிரசங்கத்தை எங்கே ஆரம்பிப்பது என்று புரியாமல் விழித்தேன். கடிதத்துக்கும் என் வரவுக்கும் நடுவில் பத்து நாட்கள் ஓடியிருந்தன. அந்தப் பத்து நாட்களில் நடந்ததை அவள் வாயாலேயே கேட்டேன்.

அதிகாரி வந்து போன மறுநாள் காலையில் பெரிய டீச்சர் அவளிடம் வந்தார். ஆறுதல் சொல்லவில்லை, கண்டிக்கவுமில்லை. "இன்று முதல் மணியில் உங்கள் வகுப்பில் நான் ஒரு பிள்ளையாக உட்காரலாமா?" என்று கேட்டார். அந்த நாற்பது நிமிஷமும் மூன்றாம் வகுப்பு ஸார், நடுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நாலு, ஐந்து வகுப்புகளையும் பார்த்துக்கொண்டார். பெரிய டீச்சர் நாற்காலி கேட்கவில்லை. பின் வரிசையில், அந்த வாய் திறவாத சிறுமிக்குப் பக்கத்தில், பாயில் உட்கார்ந்தார். கையில் ஒரு துண்டுக் காகிதம்; அதில் ஏதோ கோடு இழுத்துக்கொண்டே இருந்தார்.

மாலையில் பிள்ளைகள் போன பிறகு, மருமகளைச் சமையல் கூடத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். சமையல் செய்யும் அம்மாள் அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தாள். இருவரும் அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தார்கள். பெரிய டீச்சர் காகிதத்தை எடுத்துக் காட்டினார்.

"நாற்பது நிமிஷத்தில் நீங்கள் 34 கேள்வி கேட்டீர்கள். அதில் 26 கேள்விக்கு அந்த ஆறு பேரேதான் பதில் சொன்னார்கள். என் வரிசையில் பதினொரு பேர் இருந்தோம். எங்களை நீங்கள் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. இது குற்றம் இல்லை அம்மா, கணக்கு. இன்னொன்று, கேட்டவுடனே பதிலை நீங்களே சொல்லிவிடுகிறீர்கள். என் பக்கத்திலிருந்த பெண் வாயைத் திறக்கப் பார்த்தாள். அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள். நாளைக்குக் கேள்வி கேட்டுவிட்டு, மனத்துக்குள் ஐந்து வரையில் எண்ணிப் பாருங்கள்."

இந்த ஐந்து எண்ணும் வித்தை பாட்டி வைத்தியமல்ல. மேரி பட் ரோவ் என்ற அமெரிக்க அம்மையார் 1970-களில் வகுப்பறைகளில் ஆராய்ந்து கண்ட விஷயம். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சாதாரணமாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று விநாடி அல்லது அதற்கு மேல் காத்திருந்தால் பிள்ளைகள் நீளமாகவும் யோசித்தும் பதில் சொல்லுகிறார்கள் என்றும், வழக்கமாக மௌனமாயிருப்பவர்களும் வாய் திறக்கிறார்கள் என்றும் அவர் கண்டார். ஒரு சிட்டிகை மௌனத்துக்கு எவ்வளவு மகிமை, பார்த்தீர்களா!

பெரிய டீச்சர் அதோடு நிறுத்தவில்லை. மறுநாள் காலை, பிரார்த்தனை முடிந்தவுடன், மற்ற ஸாரும் சமையல் அம்மாளும் பிள்ளைகளும் கேட்க ஒரு விஷயம் சொன்னார்: "நேற்று ஒரு பையன் 'ட'வைத் திருப்பி எழுதிவிட்டான். உங்கள் டீச்சர் அதை அழிக்கவில்லை. பக்கத்தில் சரியான 'ட'வை எழுதி, இரண்டில் எது வீட்டு வாசற்படி மாதிரி இருக்கிறது என்று அவனையே கேட்டார்கள். அவன் தானே திருத்திக்கொண்டான். எனக்கு இந்த யுக்தி இத்தனை வருஷமாகத் தோன்றவில்லை." இவ்வளவுதான். "நல்ல ஆசிரியை", "பிரமாதம்" என்ற வார்த்தைகள் ஒன்றும் இல்லை. ஆனால் மருமகள் அதை ஒரு எழுத்து விடாமல் என்னிடம் ஒப்பித்தாள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. "இப்போது நீங்கள் என் வகுப்பில் வந்து உட்கார்ந்து எண்ணுங்கள்" என்றாராம் பெரிய டீச்சர். மருமகள் பயந்துகொண்டே போய் எண்ணினாள். பெரிய டீச்சர் பையன்களை அழைத்தது 19 தடவை. பெண்களை அழைத்தது 7 தடவை. காகிதத்தைக் கொடுப்பதா, கசக்கிப் போடுவதா என்று அவள் தயங்க, அந்த அம்மாள் தாமே வாங்கிப் பார்த்து, "அடடே, நானும் ஒரு பெண்தானே! எனக்கே தெரியவில்லை, பாருங்கள்" என்று சொல்லிவிட்டு, அதைத் தமது மேஜைக்கு எதிரே சுவரில் ஒட்டிவிட்டார். அந்த நிமிஷத்தில்தான் ராஜிநாமா யோசனை தன்னை விட்டுப் போயிற்று என்றாள் மருமகள். "அவருக்கே திருத்திக்கொள்ள இடம் இருக்கிறதென்றால், எனக்கும் இருக்கலாம் அல்லவா, மாமா?"

நான் பெரிய டீச்சரிடம், "குறை சொல்வதற்குச் சமையல் கூடத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று கேட்டேன். அவர் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். டெட்சுகோ குரோயனாகி என்ற ஜப்பானிய அம்மையார் தாம் படித்த தொடக்கப் பள்ளியைப் பற்றி எழுதி, 1981-ல் வெளிவந்து, தமிழிலும் வந்திருக்கும் 'டோட்டோ-சான்' என்ற புத்தகம் அது. டோக்கியோ நகரில் 1937-ல் சொசாகு கொபயாஷி என்பவர் நடத்த ஆரம்பித்த அந்தப் பள்ளியில் பழைய ரெயில் பெட்டிகளே வகுப்பறைகள். 1945-ல் யுத்தத்தின் குண்டுவீச்சில் அது எரிந்து போயிற்று.

அப்பள்ளியில் உடல் வளர்ச்சி குன்றிய ஒரு பையன் படித்தான். மனிதனுக்கு ஆதியில் வால் இருந்தது என்று பாடம் சொல்லிக்கொண்டு வந்த ஆசிரியை, விளையாட்டாக, "உனக்கு வால் மிச்சம் இருக்கிறதா?" என்று அவனைக் கேட்டுவிட்டாள். கேட்டவளுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் அந்தப் பையன் தன் உடலைப் பற்றிக் கூசக் கூடாது என்பதற்காகவே எத்தனையோ ஏற்பாடு செய்து வந்த கொபயாஷிக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் அந்த ஆசிரியையை மற்ற ஆசிரியர்கள் கூடியிருக்கும் அறையில் கண்டிக்கவில்லை, சமையலறையில் கண்டித்தார். அவள் அழுது தன் தவறை உணர்ந்தாள். தற்செயலாக இதைக் கேட்ட சிறுமிதான் பிற்காலத்தில் புத்தகம் எழுதினாள்.

"குறையை அடுக்களையில் சொல்ல வேண்டும், நிறையை முற்றத்தில் சொல்ல வேண்டும். நம்மில் பலர் இடத்தை மாற்றிவிடுகிறோம்" என்றார் பெரிய டீச்சர்.

இதற்கெல்லாம் அவருக்கு நேரம் எங்கிருந்து கிடைக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். கிடைக்கவில்லை, திருடுகிறார். சட்டத்தின் அட்டவணைப்படி ஓர் ஆசிரியருக்கு, பாடத் தயாரிப்பு உட்பட, வாரத்துக்கு 45 மணி நேரம் குறைந்த பட்ச வேலை. அதில் இன்னொருவருடைய வகுப்பில் போய் உட்காருவதற்கென்று ஒரு வரி கிடையாது. ரிஜிஸ்தர் நிரம்பாவிட்டால் மேலிடத்திலிருந்து கேள்வி வரும். ஓர் இளம் ஆசிரியையின் மனம் காலியாகிப் போனால் கேட்பார் இல்லை. பெரிய டீச்சரோ இரண்டாவது கணக்கை முதலில் முடித்துவிட்டு, முதல் கணக்கை இரவில் விளக்கடியில் வைத்து எழுதுகிறார். இந்தத் தியாகம் வணங்கத் தக்கதுதான். ஆனால், ஒரு தேசம் தன் தொடக்கப் பள்ளிகளைத் தலைமையாசிரியர்களின் தூக்கத்தை நம்பி நடத்தலாமா? வாரத்தில் ஒரு மணி நேரமாவது அவர்கள் சக ஆசிரியரின் வகுப்பில் பாயில் உட்காரும்படி ஏற்பாடு செய்து கொடுத்தால், எத்தனையோ சுற்றறிக்கைகள் செய்யாத காரியத்தை அந்த ஒரு மணி செய்யும்.

மறுநாள் காலை நானும் பின் வரிசையில் உட்காரும் பாக்கியம் பெற்றேன். மருமகள் ஒரு படத்தைக் காட்டி, அந்தச் சிறுமியைப் பார்த்து, "இது என்ன?" என்றாள். மௌனம். எனக்குச் சொல்லிக் கொடுத்துவிடலாம் போல் நாக்குத் துறுதுறுத்தது. மருமகளின் உதடுகள் லேசாக அசைந்தன: ஒன்று, இரண்டு, மூன்று, நாலு...

"பால்" என்றது குழந்தை.

அவ்வளவுதான். மேள வாத்தியம் முழங்கவில்லை. நாளைக்கு அக்குழந்தை மறுபடியும் மௌனமாயிருக்கலாம். ஆனால் அந்த அறையில் இரண்டு பேருக்கு அன்று குரல் திரும்பி வந்தது. அதில் ஒருத்திக்கு வயது ஆறு, மற்றொருத்திக்கு இருபத்தேழு.

நான் பஸ் ஏறும் சமயத்தில், மூன்றாம் வகுப்பு ஸார் பெரிய டீச்சரிடம் கொஞ்சம் சங்கோசத்துடன் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "நாளைக்கு என் வகுப்பிலும் வந்து கொஞ்சம் எண்ணிப் பாருங்களேன்."

நான் தயாரித்துக்கொண்டு போன பிரசங்கம் அப்படியே என்னிடம் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமானால் தபால் செலவு இல்லாமலே அனுப்பி வைக்கிறேன்.