ஆகாயத்தில் வழிமறிப்பு

பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரிலிருந்து ஜப்பானின் டோக்கியோவுக்கு, பூகோள உருண்டையின்மீது நூல் பிடித்து அளந்தால், ஏறக்குறைய 7,800 கிலோமீட்டர் வரும். சைபீரியாவின் மேலாக இந்த நேர்வழியை ஒட்டிப் பறந்த விமானங்கள் சுமார் ஒன்பதரை மணி நேரத்தில் பிரயாணிகளைக் கொண்டு சேர்த்துவந்தன. இன்று அதே பிரயாணத்துக்கு ஏறத்தாழ 13 மணி நேரம் ஆகிறது.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்த சில தினங்களில், ஐரோப்பிய ஒன்றியம் தன் ஆகாயத்தை ரஷ்ய விமானங்களுக்கு மூட, ரஷ்யாவும் உடனே பதிலுக்கு மூடியது. அதுமுதல் பின்லாந்து விமானம் வட துருவத்தின் பக்கமாக ஏறி இறங்கியோ, தெற்கே மத்திய ஆசியா வழியாகச் சுற்றியோதான் டோக்கியோவை அடைய வேண்டியிருக்கிறது. சீனத்து விமானங்களோ இன்றும் சைபீரியா வழியே ஐரோப்பாவுக்குப் போய் வருகின்றன.

சோவியத் ஆகாயம் பெரும்பாலும் அடைபட்டிருந்த 1983ஆம் வருஷத்தில், பின்லாந்தின் பின்னேர் விமானக் கம்பெனியார் துருவத்தின் மேலாக எங்கும் இறங்காமல் டோக்கியோவுக்கு விமானம் விட்டபோதும் ஆன காலம் ஏறக்குறைய இதே 13 மணி நேரந்தான். ஜெட் விமானங்களின் வேகம் அன்றும் இன்றும் அதிகம் வேறுபடாததால், இடையிலே பல வருஷங்கள் நாம் அனுபவித்த காலச் சுருக்கம் விஞ்ஞானத்தின் கொடையன்று, தேசங்கள் பரஸ்பரம் வழிவிட்டதன் பயன் என்பது தெளிவாகிறது.

யுத்தம் நடக்கும் பிரதேசத்தின்மேல் பிரயாணிகளை ஏற்றிச் செல்லலாகாது என்பது மெய்யே. 2014 ஜூலையில் கிழக்கு உக்ரைனில் சுட்டு வீழ்த்தப்பட்ட மலேசிய விமானத்தில் 298 உயிர்கள் மாண்டதை எவர் மறப்பர்? ஆனால் சைபீரியா போர்க்களத்துக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அப்பால் கிடப்பது. அங்கே வழியை அடைப்பது தண்டனையே; அந்தத் தண்டனையைக் கூடுதல் கட்டணமாகவும் உறக்கமற்ற இரவாகவும் சுமப்பவர், போரில் சம்பந்தமே இல்லாத சாமானியப் பிரயாணிகள்.

சமுத்திரத்தில், கரையோர ஜலப் பரப்பிலும்கூட, தீங்கு செய்யாத அந்நியக் கப்பல் கடந்து செல்லும் உரிமையைச் சர்வதேச சட்டம் அங்கீகரிக்கிறது. ஆகாயத்திலோ, 1944ஆம் வருஷத்துச் சிகாகோ ஒப்பந்தம் ஒவ்வொரு தேசத்துக்கும் தன் நிலத்தின் மேலுள்ள வெளியில் பூரண ஆதிக்கம் உண்டென்று அங்கீகரித்துவிட்டது. வழக்கமான விமான சேவைகள் இறங்காமல் கடந்து செல்லும் உரிமையை உறுப்பு நாடுகள் ஒன்றுக்கொன்று வழங்கிக்கொள்ளும் தனி உடன்படிக்கையும் அதே வருஷத்தில் அங்கேயே எழுதப்பட்டது. உலகிலேயே மிகப் பரந்த நிலப்பரப்பையுடைய ரஷ்யா அதில் சேரவில்லை, சீனாவும் சேரவில்லை. உக்ரைன் யுத்தம் ஓய்ந்து சமாதானப் பத்திரம் வரையப்படும் நாளில், ரஷ்யா இவ்வுடன்படிக்கையில் சேர வேண்டும் என்பதையும் ஒரு ஷரத்தாக எழுதும்படி ஐரோப்பிய அரசுகள் வற்புறுத்த வேண்டும்.