75 கிலோவில் பருமன், 102 கிலோவில் ஊசி

2025 செப்ரெம்பர் முதலாம் திகதி எலி லில்லி நிறுவனம் பிரித்தானியாவில் தனது மௌஞ்சாரோ ஊசிமருந்தின் பட்டியல் விலையை உயர்த்தியது. அதிகூடிய அளவு மருந்துள்ள பேனா 122 பவுண்ட்ஸில் இருந்து 330 பவுண்ட்ஸுக்குத் தாவியது. தேசிய சுகாதார சேவைக்குக் கொடுக்கும் விலையில் மாற்றமில்லை. தனியாகக் காசு கொடுத்து வாங்குபவர்களுக்குத்தான் அடி.

எங்கள் வீடுகளுக்குள்ளும் இந்த ஊசி வந்துவிட்டது என்பது அந்த விலையேற்றத்துக்குப் பிறகுதான் வெளியே தெரிந்தது. அதுவரை மெலிந்தவர்கள் எல்லோரும் நடைப்பயிற்சி என்றார்கள், குரக்கன் புட்டு என்றார்கள்.

ஏன் மறைக்கிறோம்? உடம்பு பெருப்பதை நாம் நோயாகப் பார்ப்பதில்லை, ஒழுக்கக் குறைவாகப் பார்க்கிறோம். 'வாயைக் கட்டினால் தானாக இறங்கும்' என்பது எங்கள் வீட்டுத் தீர்ப்பு. கணக்கியல் படித்தவர்களுக்கு இது இன்னும் பிடித்த வாதம். உள்ளே போகும் கலோரி வரவு, எரிவது செலவு, மிச்சம் ஐந்தொகையில் இடுப்பைச் சுற்றி ஏறும். கூட்டல் கழித்தலில் பிழையில்லை. செலவுப் பக்கம் அசையாமல் நிற்கும் என்று எடுத்துக்கொள்வதுதான் பிழை. வருமானம் குறைந்த குடும்பம் ஹீற்றரை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் இருப்பதைப்போல, சாப்பாடு குறைந்த உடம்பும் தன் செலவை வெட்டுகிறது.

அமெரிக்காவில் 'பிகெஸ்ற் லூசர்' என்ற தொலைக்காட்சிப் போட்டியில் கடுமையாக நிறை குறைத்த 14 பேரை, கெவின் ஹோல் என்ற ஆய்வாளரின் குழு ஆறு ஆண்டுகள் கழித்து மீண்டும் அளந்தது. முடிவுகள் 2016 இல் வெளியாகின. இழந்த நிறையில் பெரும்பகுதி திரும்பி வந்திருந்தது. ஆனால் ஓய்வில் அவர்களின் உடம்பு எரித்த சக்தி, அந்த அளவு உடம்புக்கு இருக்கவேண்டியதைவிட நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே இருந்தது. ஒரு நேரச் சாப்பாட்டுக்குக் கிட்டிய தொகை அது. அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2011 இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், பத்து வார உணவுக் கட்டுப்பாட்டின் பின் ஓராண்டு கடந்தும் பசியைத் தூண்டும் ஹோர்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆறு மாதம் பட்டினி கிடந்து மெலிந்து, பிறகு இரட்டிப்பாக ஏறிய எங்கள் உறவினரை 'மனத்திடம் இல்லாதவர்' என்று சிரிக்குமுன் இதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

எங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தெற்காசியர்களுக்கு ஒரே நிறையில் தசை குறைவாகவும் வயிற்றுக் கொழுப்பு கூடவும் இருக்கும். நீரிழிவு எங்களுக்கு முன்னதாகவே வருகிறது. அதனால்தான் பொதுவாக உடற்திணிவுச் சுட்டெண் 30 இல் பருமன் என்றால், எங்களுக்கு அது 27.5 என்று இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு வகுத்திருக்கிறது. அதிக நிறை என்ற எச்சரிக்கையும் 25 இல் அல்ல, 23 இலேயே தொடங்குகிறது. ஐந்தடி ஐந்து அங்குலம், அதாவது 165 சென்ரிமீற்றர் உயரமான ஒருவரை எடுப்போம். 75 கிலோவில் அவர் பருமன் எல்லையைத் தொடுகிறார். எங்கள் கலியாண மண்டபங்களில் அப்படிப்பட்டவரை யாரும் குண்டு என்று சொல்லமாட்டார்கள். 'அளவான உடம்பு' என்பார்கள்.

இனி ஊசியைப் பார்ப்போம். 2025 ஜூனில் இங்கிலாந்தின் குடும்ப வைத்தியர்கள் ஊடாக மௌஞ்சாரோ வழங்கத் தொடங்கியபோது முதற்கட்டத் தகுதி இதுதான்: சுட்டெண் 40 அல்லது அதற்கு மேல். அத்தோடு நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், இதயநோய், கொலஸ்ரரோல் கோளாறு, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுதல் ஆகிய ஐந்தில் நான்காவது இருக்கவேண்டும். எங்களுக்கு 2.5 கழிவு. ஆகவே 37.5. அதே 165 சென்ரிமீற்றர் மனிதர் அந்த எல்லையை எட்ட 102 கிலோ ஆகவேண்டும். 75 இல் ஆபத்து என்று சொல்லும் அதே சுகாதாரக் கட்டமைப்பு, முதற்கட்டத்தில் 102 வரை காத்திரு என்றது. நீரிழிவுச் சிகிச்சைக்காக இதே மருந்தைப் பெற வேறு விதிகள் இருக்கின்றன, அவையும் இலகுவானவை அல்ல. தகுதியுள்ளவர்கள் இலட்சக்கணக்கில் இருக்கப் பணமும் ஆளணியும் போதாது என்பதால், முதல் மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 220,000 பேருக்குக் கொடுப்பதே திட்டம். மிக மோசமான நிலையில் உள்ளவருக்கு முதலில் என்பது நியாயமான வரிசைதான். ஆனால் மெல்லிய உடம்போடு 45 வயதில் மாரடைப்பு வாங்குகிற எம்மவர் அந்த வரிசையில் எங்கு நிற்கிறார் என்று யாராவது கேட்கவேண்டும்.

இந்த 75க்கும் 102க்கும் இடையில் நிற்பவர்கள்தான் தனியாக வாங்குகிறார்கள். ஒரு பேனாவில் நான்கு வாரத்து மருந்து. ஆண்டுக்குப் பன்னிரண்டு அல்ல, 13 பேனா. இதை மறந்து வரவுசெலவு போடுபவர்கள் பலர். 330 வீதம் 4,290 பவுண்ட்ஸ். மருந்தகங்கள் கழிவு கொடுக்கின்றன, குறைந்த அளவு மருந்துக்கு விலையும் குறைவு. அதற்காக இது சின்னத் தொகை ஆகிவிடாது. 2025 ஏப்ரலில் நிர்ணயித்த ஆகக்குறைந்த சம்பளமான 12.21 பவுண்ட்ஸில், வரிக்கு முன்னர் 351 மணித்தியால உழைப்பு அது.

மருந்து வேலை செய்கிறது, அதில் சந்தேகமில்லை. பரிசோதனையில் அதிகூடிய அளவு எடுத்தவர்கள் 72 வாரத்தில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு நிறையை இழந்தார்கள். நிறுத்தினால்? இதே குடும்பத்து மருந்தான வெகோவியை நிறுத்தியவர்களை ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. எம்மவர்கள் இதை வீடு திருத்துவதுபோல ஒருமுறை போடும் மூலதனச் செலவாக நினைத்துத் தொடங்குகிறார்கள். மகளின் கலியாணத்துக்கு முன் ஆறு மாதம், பிறகு விட்டுவிடலாம் என்று. ஆனால் இது பிறஷர் குளிசைபோல மீண்டெழும் செலவு. மூன்று ஆண்டுக்குத் தாங்குமா என்று பார்க்காமல் முதல் பேனாவை வாங்குவது, வட்டி வீதம் கேட்காமல் வீட்டுக்கடன் எடுப்பதற்குச் சமம்.

தாங்காதபோது மலிவு வழி தேடுகிறோம். 2025 ஒக்ரோபரில் நோர்தாம்ரனில் இத்தகைய ஊசிகளைச் சட்டவிரோதமாகத் தயாரித்த இடமொன்றை மருந்து ஒழுங்குமுறை அதிகாரிகள் சுற்றிவளைத்தார்கள். அழகுநிலையத்திலோ வாட்சப்பிலோ கைமாறும் பேனாவில் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது.

கனடாவில் இருக்கும் உறவுகளுக்கு வேறு கதை. வெகோவியின் மூலமருந்தான செமாகுளுடைட்டுக்கு அங்கிருந்த காப்புரிமையைப் புதுப்பிக்கும் கட்டணம், தாமதக் கட்டணத்தோடு 450 டொலர். நோவோ நோர்டிஸ்க் அதைக் கட்டவில்லை, 2019 இல் காப்புரிமை காலாவதியானது. தரவுப் பாதுகாப்பும் 2026 ஜனவரியில் முடிய, மற்ற நிறுவனங்களுக்குக் கதவு திறந்தது. (எங்கள் தொழிலில் உள்ளவர்கள் இந்தத் தொகையை இரண்டு தடவை வாசிப்பார்கள்.)

சாப்பாட்டுப் பக்கமும் இருக்கிறது. பொருளாதாரத் தடைக் காலத்தில் சீனியும் மாவும் எண்ணி எண்ணிச் சமைத்த தலைமுறை நாங்கள். வயிறு நிரம்பப் போடுவதுதான் எங்களுக்கு அன்பு. ஒருவர் ஐந்து கிலோ இறங்கினால் 'என்ன, சுகமில்லையோ?' என்றுதான் கேட்கிறோம். அதற்கு மேல் வேலை. பெற்றோல் நிலையத்திலும் கடையிலும் பராமரிப்பு இல்லத்திலும் பன்னிரண்டு மணித்தியாலம் நின்றுவிட்டு, இரவு பதினொன்றுக்கு வந்து சோறும் கறியும் சாப்பிட்டுப் படுப்பவருக்கு 'நேரத்துக்குச் சாப்பிடுங்கோ' என்ற துண்டுப் பிரசுரம் என்ன செய்யும்? அவருக்குச் செய்யக்கூடியது, வேலைக்குப் போகும்போதே இராச் சாப்பாட்டைப் பெட்டியில் கட்டிக் கொடுப்பது. பிறகு வந்து சாப்பிடுவதற்கு ஒரு கோப்பை சூப்போ பழமோ போதும்.

இலக்கையும் மாற்றவேண்டும். 75 கிலோக்காரர் 60க்கு வரத் தேவையில்லை. நிறையில் ஐந்து வீதம், அதாவது நான்கு கிலோவுக்குக் கிட்ட இறங்கி அங்கேயே நின்றாலே சீனியும் அமுக்கமும் பெரும்பாலும் குறையத் தொடங்கும். தராசு வேண்டாம் என்பவருக்கு அளவுநாடா போதும். இடுப்புச் சுற்றளவு உயரத்தின் பாதிக்குள் இருக்கவேண்டும், அவருக்கு 82 சென்ரிமீற்றர்.

இங்கிலாந்தில் 40 முதல் 74 வயது வரையானவர்களில், ஏற்கெனவே நீரிழிவோ இதயநோயோ கண்டறியப்படாதவர்களுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை இலவச உடற்பரிசோதனை இருக்கிறது. கடிதம் வரும். எங்கள் வீடுகளில் அது கவுன்சில் வரிக் கடிதங்களோடு லாச்சிக்குள் போகிறது. எடுத்து, வேலை முறைக்கு ஏற்ற நேரம் கேட்டுப் பதியுங்கள். போகும்போது 'தெற்காசியருக்கான சுட்டெண்ணில் நான் எங்கு நிற்கிறேன், மூன்று மாதச் சராசரிச் சீனி எவ்வளவு' என்று இரண்டு கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேட்கலாம், அதற்குக் காசில்லை.