கேந்திரமும் சென்டரும்

டிராயிங் ஹாலில் நாம் காம்பஸ் ஊன்றும் 'சென்டர்', ஜோசியர் சொல்லும் 'கேந்திரம்' இரண்டுக்கும் வேர் ஒன்றே. கூர்முனை எனப் பொருள்படும் 'கென்ட்ரான்' என்ற கிரேக்கச் சொல்.

பழைய வேதாங்க ஜோதிடம், 5 ஆண்டுச் சுற்றில் சூரிய சந்திரரைக் கணக்கிட்டு வேள்விக்கு நாள் குறித்தது. ஆளுக்கொரு ஜாதகம் அதில் கிடையாது. 12 ராசியும் ஜாதகக் கட்டமும் பாபிலோனில் வேர்விட்டு, கிரேக்கர் வழியே இங்கு வந்தவை. 6-ஆம் நூற்றாண்டு வராகமிகிரரே யவனரின் புலமையை மதித்து எழுதினார். நல்லதை யாரிடமும் கற்கலாம்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு!

எங்க குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். "இவனுக்குப் படிப்பு யோகமில்லை" என்றது கட்டம். அப்பா காதில் வாங்காமல் ஃபீஸ் கட்டினார்.

வானத்தை அளந்த கணக்கைப் போற்றுவோம். யார் படிக்கணும்னு கட்டமா முடிவு பண்றது? சிந்திப்பீர்!