குழந்தையைக் காணும் கண்

கடந்த மாசிக் களரியின்போது, பரளச்சிப் பக்கத்தில் உள்ள ஒரு குலதெய்வக் கோயிலுக்குச் சென்றிருந்தேன். உறவினர் வீட்டுக் குழந்தைக்கு முடியிறக்கிக் காது குத்தும் விழா. பருத்தி எடுத்து முடிந்த கரிசல் காட்டின் நடுவே ஒரு பெரிய வேம்பு. அதன் நிழலில் ஐயனார். எதிரே சுண்ணாம்பு பூசிய இரண்டு மண் குதிரைகள். சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வந்திருந்த பங்காளிகள் அனைவரும் பந்தலில் கூடியிருந்தனர்.

தாய்மாமன் மடியில் குழந்தை. ஆசாரி ஒரு காதைக் குத்தி முடித்து, மறு காதைத் தொட்டார். அப்போது படம் எடுக்க வந்தவர், “ஆசாரி, கொஞ்சம் பொறுங்க; உங்க கை மறைக்குது” என்று நிறுத்திவிட்டார். மாமனைத் திரும்பி அமரச் சொன்னார். சுற்றி நின்ற பத்துப் பேர் பத்துக் கைப்பேசிகளை நீட்டி, “இங்கே பாரு, சிரி” என்று பத்துத் திசையிலிருந்தும் அழைத்தனர். குழந்தை எந்தப் பக்கம் பார்ப்பது என்று அறியாமல் வீறிட்டு அழுதது. குழந்தையின் அப்பத்தாவுக்குப் பொறுக்கவில்லை. “புள்ளைக்கு வலிக்கிறது தெரியலையா? முதல்ல காதைக் குத்தி முடிங்கய்யா. படம் எங்க ஓடிப் போகுது?” என்றார்.

மறு காதும் குத்தி முடிந்ததும் அவரே குழந்தையை வாங்கிக்கொண்டு குதிரைகளின் அருகே சென்று அமர்ந்தார். குழந்தை மண் குதிரையின் காலைத் தொட்டுப் பார்த்தது. கன்னத்தில் கண்ணீர் காயுமுன் சிரித்தது. வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி தரையில் அமர்ந்து, ஓசையின்றி அதை ஒரே ஒரு படம் எடுத்தாள்.

சில வாரங்கள் கழித்து அவர்கள் இல்லத்திற்குச் சென்றபோது, அன்று எடுத்த நூற்றுக்கணக்கான படங்களுள் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருந்தது அந்த ஒன்றைத்தான். அப்பத்தாவின் முகம் அதில் பாதிதான் தெரிகிறது. ஆயினும் பார்ப்பவர் எவரும் அதைவிட்டு உடனே கண்ணை எடுப்பதில்லை.

ஏன் அப்படி? இதற்கு விடை தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. இதே விருதுநகர் மாவட்டத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கிறது. அங்கே வாழ்ந்த பெரியாழ்வார், கண்ணனை யசோதையின் கண்கொண்டு கண்டவர். பாதத்தில் தொடங்கித் திருமுடி வரை அப்பிள்ளையின் அழகைக் காட்ட வந்தவர், முதலில் எதைக் காட்டுகிறார் தெரியுமா? தன் காலைத் தானே பிடித்து, வாயில் வைத்துச் சுவைத்துக் கிடக்கும் குழந்தையைக் காட்டுகிறார். நம்மை நோக்கிச் சிரிக்கும்படி அக்குழந்தையை எவரும் ஏவவில்லை. அது தன் விளையாட்டில் ஆழ்ந்திருக்கிறது; தாய் அருகிருந்து பார்க்கிறாள். அவ்வளவே.

பின்னர் அப்பிள்ளை தளர்நடை நடக்கிறது, சப்பாணி கொட்டுகிறது, ஓசையின்றிப் பின்னால் வந்து முதுகைக் கட்டிக்கொள்கிறது. காது குத்துவதற்கென்றே ஒரு பதிகம் பாடியிருக்கிறார் ஆழ்வார். நோகும் என்று மறுக்கும் பிள்ளையைத் தின்பண்டங்களைச் சொல்லி ஆசைகாட்டித் தாய் அழைக்கிறாள். கேசவன் முதலான பன்னிரு திருநாமங்களும் அந்த அழைப்பில் வந்துவிடுகின்றன. பிள்ளையின் மறுப்பும் அங்கே அழகுதான். அதை ஆழ்வார் மறைக்கவில்லை.

இவ்வழியில் வளர்ந்த பிள்ளைத்தமிழ், குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்தது. காப்பு 3-ஆம் மாதம், செங்கீரை 5-ஆம் மாதம் என இரண்டு மாதத்திற்கு ஒன்றாக 21-ஆம் மாதம் வரை அவற்றைக் கூறுவது மரபு. கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது, கை கொட்டுவது, முத்தம் தருவது, அடியெடுத்து நடந்து வருவது, நிலவைக் காட்டி அழைப்பது ஆகியவை அவற்றுள் அடங்கும். பேரப் பிள்ளையின் எந்த நிலைகளைப் படம் எடுத்து வைக்கலாம் என்று கேட்போருக்கு இதைவிட நல்ல பட்டியல் வேண்டுமோ? பிறந்தநாளன்று அணிச்சல் முன் நிறுத்தி எடுக்கும் படம் ஆண்டுக்கு ஒன்று போதும். மற்றவை அன்றாடம் வீட்டு முற்றத்திலேயே நிகழ்கின்றன.

இன்று தாத்தா பாட்டியர் பலர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. அவர்கள் மனத்தில் கொள்ளத்தக்க சில செய்திகளைச் சொல்கிறேன்.

முதலாவது, குழந்தையின் உயரத்திற்கு நாம் இறங்க வேண்டும். நின்றுகொண்டு எடுத்தால் உச்சந்தலைதான் பெரிதாகத் தெரியும். முழங்கால் வலியுள்ளோர் திண்ணையிலோ தாழ்ந்த முக்காலியிலோ அமர்ந்து, குழந்தை விளையாடி வரும்வரை காத்திருக்கலாம். படத்தைப் பெரிதாக்க விரலால் திரையை விரிப்பதைவிட, இரண்டடி நெருங்கிச் செல்வதே தெளிவு தரும்.

இரண்டாவது, வெயில். நம் கரிசல் பூமியில் நண்பகல் வெயில் முகத்தில் நேராக இறங்கும். கண்குழியில் இருள் சேரும். குழந்தை கண்ணைச் சுருக்கும். காலை வெயில் ஏறுமுன்போ, மாலை வெயில் தாழ்ந்த பின்போ எடுப்பது நலம். நண்பகலில்தான் எடுக்க நேர்ந்தால் மரநிழலுக்குச் செல்லுங்கள். நீலமும் சிவப்புமான துணிப் பந்தலின் கீழ் எடுத்தால் அந்த நிறமே குழந்தையின் முகத்திலும் படியும். பந்தலின் ஓரத்திற்கு வந்துவிடுவது நல்லது.

மூன்றாவது, முடியிறக்கிச் சந்தனம் பூசிய தலை வெயிலில் மிகவும் ஒளிரும். திரையில் குழந்தையின் முகத்தின்மீது ஒருமுறை விரலை வைத்தால், பெரும்பாலான கைப்பேசிகள் அம்முகத்திற்குத் தக்கபடி ஒளியைச் சரிசெய்துகொள்ளும். அதற்கு முன், வேட்டி நுனியாலோ சேலைத் தலைப்பாலோ கைப்பேசியின் கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளுங்கள். திருநீறும் எண்ணெயும் படிந்த விரல் பட்டுப் பட்டுத்தான் பல படங்கள் மங்கலாகின்றன.

நான்காவது, “சிரி” என்று சொல்லாதீர்கள். குழந்தையின் கையில் ஒரு கிலுகிலுப்பையையோ பூவையோ கொடுத்துவிட்டு, பேசாமல் இருங்கள். சந்நிதியில் திரை விலகும்வரை காத்திருக்கப் பழகிய நமக்கு இது அரிதன்று.

கோயிலுக்குள் வேறொரு முறைமை உண்டு. திருச்செந்தூர்க் கோயில் தொடர்பான வழக்கில், 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தமிழகத் திருக்கோயில்களில் கைப்பேசிக்குத் தடை விதிக்குமாறு உத்தரவிட்டது. நம் குலதெய்வக் கோயில்களில் தடுப்பார் இல்லாவிடினும், கருவறையை நோக்கிக் கருவியை நீட்டாதிருப்பது நம் கடமை. குழந்தை முதன்முதலில் கைகூப்பும் வேளையில் அதன் எதிரே இருக்க வேண்டியது தெய்வமே; நம் கைப்பேசி குறுக்கே நிற்கலாகாது. வழிபாடு முடிந்து வெளியே வந்தபின் படம் எடுத்துக்கொள்ளலாம்.

கண்ணனை அந்திப்பொழுதில் அழைத்துக் காப்பிடுவதற்கும் பெரியாழ்வார் ஒரு பதிகம் பாடினார். அத்தகைய காப்பு இன்றும் தேவை. குழந்தை குளிக்கும் படம், ஆடையின்றி விளையாடும் படம் ஆகியவற்றை ஊரறியப் பரப்ப வேண்டாம். அவை வீட்டோடு இருக்கட்டும்.

திருச்சுழிச் செய்தி ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பரளச்சி வட்டாரத்தினர் அடிக்கடி சென்று வழிபடும் பூமிநாத சுவாமி அருளும் அத்தலத்தில்தான், 1879 டிசம்பர் 30 அன்று, ஆருத்ரா தரிசன வேளையில் வேங்கடராமன் என்னும் குழந்தை பிறந்தது. பின்னாளில் பகவான் ரமணர் என உலகம் வணங்கியது அக்குழந்தையையே. 1946-இல் வெல்லிங் என்னும் பெங்களூர்ப் புகைப்படக்காரர் எடுத்த அவரது திருமுகப் படம் இன்று எத்தனையோ பூஜை அறைகளில் இருக்கிறது. 1950-இல் பகவானின் இறுதி நாட்களில் பிரான்சு நாட்டுப் புகழ்பெற்ற கலைஞர் கார்த்தியே பிரெசோனும் வந்து படம் எடுத்தார். ஆனால் நாம் காணும் படங்கள் யாவும் அவர் திருவண்ணாமலை சென்ற பிறகு எடுக்கப்பட்டவை. திருச்சுழித் தெருவில் ஓடிய சிறுவனின் முகம் நமக்குக் காணக் கிடைக்கவில்லை.

எனினும் அச்சிறுவனை நாம் அறிவோம். வழக்கறிஞரான தந்தையின் பழைய வழக்குக் காகிதங்களை எடுத்து விளையாடியதற்காகத் தந்தை கடிந்துகொள்ள, பிள்ளை எங்கோ மறைந்துவிட்டான். வீட்டார் தேடித் தவித்தனர். கடைசியில் பூமிநாதர் கோயில் அம்மன் சந்நிதியில், அம்பாளின் திருமேனிக்குப் பின்னால் அவன் ஒளிந்திருந்ததை அர்ச்சகர் கண்டு அழைத்து வந்தாராம். கண்டவர் ஒருவர் இருந்தார். அதைச் சொன்னவர்கள் இருந்தார்கள். அதனால் படம் இல்லாமலும் அந்தக் குழந்தை நம் கண்முன் நிற்கிறது.

ஆகவே நல்ல படம் ஒன்று அமைந்தால், அதைக் கைப்பேசியிலேயே விட்டுவிடாதீர்கள். கருவி பழுதானால் படமும் போய்விடும். ஆண்டுக்குப் பத்துப் படங்களையேனும் அச்சிட்டு, பின்புறம் பென்சிலால் மெல்ல எழுதி வையுங்கள்: குழந்தையின் பெயர், நாள், ஊர், மடியில் வைத்திருப்பவர் யார், அன்று என்ன நடந்தது. விளக்குப் புகையும் வெயிலும் படாத இடத்தில் அவை இருக்கட்டும்.

இன்னும் ஒன்று. படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று நம் முன்னோர் சிலர் அஞ்சினர். அதனால் நம்மில் பலருக்கு நம் மழலை முகமும் தெரியாது, நம்மைச் சுமந்த பாட்டியின் முகமும் தெரியாது. அந்த அச்சம் நீங்கிய பின்பும், “நான் எதற்கு? பிள்ளைகளை எடுங்கள்” என்று நாம் விலகிச் செல்கிறோம். விலகாதீர்கள். இருபது ஆண்டு கழித்து அப்பிள்ளை தன் முகத்தை மட்டும் தேடாது. தன்னை ஏந்தியிருந்த கைகளையும் தேடும். பரளச்சி வீட்டுச் சுவரில் பாதி முகமாகத் தெரியும் அந்த அப்பத்தா, அக்குழந்தைக்கு என்றைக்கும் அங்கே இருப்பார்.

அடுத்த முறை அழைத்தால், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அமருங்கள். படக்கருவியைப் பார்க்க வேண்டாம், குழந்தையைப் பாருங்கள்.